தட்டுக்கு வந்த சூடு எவ்வளவு?

பேராக் மாநிலத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறிய பட்டணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிட்டேன். கடிதத்தின் சாரம் இது:

மாமனார் தொடங்கிய சாப்பாட்டுக் கடையை இப்போது அவரும் கணவரும் நடத்துகிறார்கள். காலைப் பசியாறலுக்கு ரொட்டி சானாயும் தோசையும், மதியம் சோறு. கடந்த ஆண்டு முதல் பக்கத்து எண்ணெய் ஆலையின் தொழிலாளர் உணவகத்துக்கும் மதியச் சாப்பாடு அனுப்புகிறார்கள். எச்சில் தட்டுகள் கடைக்கே திரும்பி வருகின்றன. கையால் கழுவி மாளாததால், ஈப்போவில் மூடப்பட்ட ஒரு ஹோட்டலிலிருந்து மேல்மூடியை இழுத்து இறக்கும் வகைத் தட்டு கழுவும் இயந்திரம் ஒன்றைப் பழையதாக வாங்கினார்கள். சென்ற மாதம் ஆலை நிர்வாகம் ஒரு தணிக்கையாளரை அனுப்பியது. இயந்திரத்தின் முகப்பில் 82 என்று தெரிந்தும், தட்டு அடுக்கித் தொடர்ந்து ஓட்டிய ஐந்தாவது கூடையின் கடைசி அலசலில் அவருடைய வெப்பமானி 64 டிகிரிதான் காட்டியிருக்கிறது. "82 டிகிரி கட்டாயம், 30 நாளில் சரிசெய்யவும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதே வாரத்தில் மாவட்டச் சுகாதார அலுவலகத்திலிருந்து அதிகாரிகள் வந்து, ஈரத் துணியால் தட்டு துடைப்பது, விரிசல் விட்ட மங்குகள், தட்டு கழுவும் தொழிலாளருக்கு டைபாய்டு ஊசிக்கான ஆவணம் இல்லாதது ஆகியவற்றைக் குறிப்பிட்டு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள்.

இயந்திரத்தை விற்றவர் சூட்டை 95க்கு ஏற்றச் சொல்கிறார். கொழுந்தனார் இயந்திரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழையபடி கையால் கழுவச் சொல்கிறார். தெரிந்தவர் ஒருவர் அதிகாரியை 'கவனித்துவிட்டால்' போதும் என்கிறார். சகோதரி கேட்பது மூன்று: 82 டிகிரி இல்லையென்றால் கடையை மூடிவிடுவார்களா? இயந்திரம் பழுதா? நகையை அடகு வைத்துப் புதியது வாங்க வேண்டுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

நகையை எடுக்க வேண்டாம். இதைப் படித்து முடிக்கும்வரையாவது பெட்டியிலேயே இருக்கட்டும். உங்கள் கடிதத்தை ஒன்றுக்கு இரண்டு முறை படித்தேன். ஒரே வாரத்தில் வந்த இரண்டு ஆய்வுகள் உங்கள் மனத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டன. தணிக்கையாளர் சொன்ன எண்ணைச் சுகாதார அதிகாரி சொன்னதாகவும், அதிகாரி எழுதிய நோட்டீஸை இயந்திரத்தைப் பற்றியதாகவும் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டையும் பிரித்துவிட்டால் பாதி பயம் போய்விடும். மீதிப் பாதி நியாயமான பயம், அதற்கு வேலை செய்ய வேண்டும்.

82 எங்கிருந்து வந்தது?

தணிக்கையாளரின் பட்டியலில் இருக்கும் 82 டிகிரி, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் உணவு விதித்தொகுப்பில் உள்ள எண். சூட்டால் கிருமி நீக்கும் இயந்திரங்களில், கடைசி அலசல் நீர் இயந்திரத்தின் அலசல் குழாயை வந்தடையும் இடத்தில் குறைந்தது 82 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. கழுவுவதும் அலசுவதும் ஒரே சூட்டில் நடக்கும் ஒருவகைக் கூடை இயந்திரத்துக்கு மட்டும் 74 போதும். அமெரிக்காவிலேயே அது ஒரு மாதிரித் தொகுப்புதான். ஒவ்வொரு மாநிலமும் ஏற்றுக்கொண்ட பிறகே அங்கு சட்டமாகிறது. மலேசியாவில் அது சட்டம் அல்ல. உங்களைக் கட்டுப்படுத்துபவை 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டமும், 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகளும், உங்கள் ஊராட்சி மன்றத்தின் உரிம விதிகளும்தான்.

அப்படியானால் தணிக்கையாளரை விட்டுவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டமாக இல்லாவிட்டாலும் ஒப்பந்தமாக இருக்கலாம். ஆலையோடு நீங்கள் கையெழுத்திட்ட தாளை எடுத்துப் பாருங்கள். "நிறுவனத்தின் உணவுப் பாதுகாப்புத் தரத்துக்கு உட்பட்டு" என்பது போன்ற ஒரு வரி இருந்தால், 30 நாள் கெடு உங்களைக் கட்டும். கடையை மூட ஆலைக்கு அதிகாரம் கிடையாது, ஆனால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள முடியும். உங்கள் வருமானத்தில் பாதி அங்கிருந்து வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்த எண்ணை மதித்தே நடந்துகொள்ளுங்கள்.

அதே அமெரிக்கத் தொகுப்பில் இன்னோர் எண்ணும் இருக்கிறது, உங்களுக்கு அதுதான் முக்கியம். தட்டின் மேற்பரப்பு 71 டிகிரியை எட்ட வேண்டும். கிருமி சாவது தட்டின் மேல்தான். குழாயில் 82 வேண்டும் என்பதே, நீர் தெறித்து, காற்றில் சூட்டை இழந்து, குளிர்ந்த தட்டில் பட்ட பிறகும் 71 மிஞ்ச வேண்டும் என்பதற்காக. உங்கள் இயந்திரத்தின் முகப்பில் தெரியும் எண் இந்த இரண்டும் அல்ல. பெரும்பாலான இயந்திரங்களில் அது பூஸ்டர் தொட்டிக்குள், அதாவது அலசல் நீரைச் சூடேற்றும் தொட்டிக்குள், இருக்கும் உணரி காட்டும் சூடு. அந்த உணரி 82 காட்டும்போதே தட்டுக்கு 64 வந்து சேர்வது நடக்கக்கூடியதுதான். தணிக்கையாளர் பொய் சொல்லவில்லை, உங்கள் இயந்திரமும் பொய் சொல்லவில்லை. இருவரும் வெவ்வேறு இடங்களில் அளந்திருக்கிறார்கள்.

ஹோட்டலில் ஓடிய இயந்திரம் உங்களிடம் ஏன் திணறுகிறது?

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி எனக்கு விடையைக் காட்டிக் கொடுத்தது: "காலையில் முதல் கூடை எடுக்கும்போது கை வைக்க முடியாத சூடு, மதியம் ஆலைத் தட்டு வந்து குவிந்ததும் வெதுவெதுப்புதான்." பழுதான இயந்திரமாக இருந்தால் பெரும்பாலும் காலையிலேயே சூடு வராது. உங்களுடையது வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறும் இயந்திரம் என்றே நினைக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கூடைக்குக் கடைசி அலசலில் 3 லிட்டர் நீர் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் குழாய்த் தண்ணீர் ஏறக்குறைய 28 டிகிரி. அதை 82க்குக் கொண்டுபோக 54 டிகிரி ஏற்ற வேண்டும். அதற்குச் சுமார் 680 கிலோஜூல் வெப்பம் தேவை. பூஸ்டர் 6 கிலோவாட் என்றால், ஒரு விநாடிக்கு 6 கிலோஜூல் வீதம் 113 விநாடி, அதாவது ஏறத்தாழ இரண்டு நிமிடம் பிடிக்கும். உங்கள் தொழிலாளரோ மதிய அவசரத்தில் நிமிடத்துக்கு ஒரு கூடை தள்ளுகிறார். தொட்டியில் சேர்ந்திருந்த சூடு முதல் இரண்டு மூன்று கூடைகளுக்குக் கைகொடுக்கிறது. பிறகு ஒவ்வொரு கூடைக்கும் பாதி சூடேறிய நீர்தான் வருகிறது. ஐந்தாவது கூடையில் 64 வந்ததில் வியப்பே இல்லை.

இதே இயந்திரம் ஹோட்டலில் எப்படி ஓடியது? ஹோட்டல்களில் பொதுவாக ஏற்கெனவே சூடான நீர்க் குழாயோடுதான் இதை இணைப்பார்கள். 55 டிகிரியில் நீர் உள்ளே வந்தால், ஏற்ற வேண்டியது 27 டிகிரி மட்டுமே. 6 கிலோவாட் பூஸ்டருக்கு அது ஒரு நிமிடத்துக்குள் முடிகிற வேலை. உங்கள் கடையில் இயந்திரத்தைப் பொருத்தியவர் நேராகக் குளிர்நீர்க் குழாயில் கொடுத்துவிட்டிருக்கலாம். பின்பக்கத்துக் குழாயைக் கையால் தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இதற்கு இரண்டு வழிகள். காசு செலவில்லாத வழி, கூடைக்கும் கூடைக்கும் நடுவே இரண்டு நிமிடம் விடுவது. முகப்பில் 82 தெரிந்தாலும் இரண்டு நிமிடம் ஆகாமல் மூடியை இறக்கக் கூடாது என்று தொழிலாளரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். தட்டுகள் தேங்கும், உண்மைதான். அதற்கு ஆலைத் தட்டுகளைத் திரும்பிய உடனே கழுவாமல், மீதத்தைச் சுரண்டி ஊறவைத்து, மதியக் கூட்டம் ஓய்ந்த பிறகு கழுவலாம். இரண்டாவது வழி, இயந்திரத்துக்கு முன்னால் சேமிப்புத் தொட்டியுள்ள ஒரு நீர்ச் சூடேற்றியைப் பொருத்தி 55 முதல் 60 டிகிரி நீரை உள்ளே கொடுப்பது. புதிய இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் இது சிறு செலவு. ஆனால் உள்ளே வரும் நீருக்கு இயந்திரத்தைத் தயாரித்தவர் வரம்பு வைத்திருப்பார், அதைத் தாண்டக் கூடாது. மின்சார வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்பணியாளரிடம் மட்டும் கொடுங்கள். 6 கிலோவாட் சாதனம் ஒருமுனை (சிங்கிள் ஃபேஸ்) மின் இணைப்பில் 26 ஆம்பியர் இழுக்கும். பழைய கடைவீட்டுக் கம்பிகள் அதைத் தாங்குமா என்று அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்படியே சூடேற்றும் சுருள்களில் ஏதேனும் எரிந்திருக்கிறதா, சுண்ணாம்பு படிந்திருக்கிறதா, அலசல் முனைகளின் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். மழைக்குப் பிறகு குழாயில் கலங்கல் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தத் துகள்கள் முனைகளில்தான் போய் உட்காரும்.

95க்கு ஏற்றலாமா?

வேண்டாம். சூடு கூடக்கூட நல்லது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அமெரிக்கத் தொகுப்பே அலசல் நீருக்கு 90 டிகிரி என்று மேல்வரம்பு வைத்திருக்கிறது. அதற்கு மேல் போனால் தெளிக்கும்போதே நீர் ஆவியாகி, தட்டில் வந்து படியும் சூடு குறைந்துவிடும். மூடியைத் திறக்கும் தொழிலாளரின் முகத்தில் நீராவி அடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் குறை தொட்டிக்கு வைத்திருக்கும் எண்ணில் இல்லை, நீர் சூடேறும் வேகத்தில்தான் இருக்கிறது. 6 கிலோவாட் பூஸ்டரிடம் 95 கேட்டால், அது இன்னும் மெதுவாகத்தான் தயாராகும்.

இயந்திரத்தின் பக்கவாட்டில் ஓர் உலோகத் தகடு இருக்கும். கழுவும் நீரின் சூடு, அலசும் நீரின் சூடு, நீரின் அழுத்தம், மின்திறன் எல்லாம் அதில் பொறித்திருக்கும். உங்களைப் பொறுத்தவரை விற்றவரின் வாய்வார்த்தையைவிட அந்தத் தகடு பெரிது.

அளப்பதும் எழுதுவதும்

உச்ச வெப்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் நீர் புகாத வெப்பமானி ஒன்று வாங்குங்கள். இல்லையென்றால் 71 டிகிரியைத் தொட்டதும் நிறம் மாறி, ஆறிய பிறகும் மாறிய நிறத்திலேயே நிற்கும் ஒட்டுத்தாள்கள் கிடைக்கின்றன. தட்டுகளுக்கு நடுவே வைத்து ஒரு சுற்று ஓட்டுங்கள். காலையில் ஒரு முறை, மதியம் அவசர நேரத்தில் ஐந்தாவது கூடையில் ஒரு முறை. காலை அளவை மட்டும் எழுதி மனத்தைத் தேற்றிக்கொள்ளாதீர்கள், சோதனையே மதியத்துக்குத்தான்.

ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் போதும். தேதி, நேரம், எத்தனையாவது கூடை, முகப்பில் தெரிந்த எண், தட்டில் கிடைத்த எண், அளந்தவர் கையெழுத்து. எண் குறைந்த நாளில் என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்: "மறுபடி ஓட்டினோம், 73 வந்தது." பழுதில்லாத, எல்லா நாளும் ஒரே எண் இருக்கும் ஏட்டைவிட, குறைந்ததையும் சரிசெய்ததையும் காட்டும் ஏட்டைத்தான் ஒழுங்கான தணிக்கையாளர் நம்புவார்.

கொழுந்தனார் சொல்வது தவறா?

முழுக்கத் தவறில்லை. கையால் கழுவுவதும் முறைப்படி செய்தால் பாதுகாப்பானதே. இயந்திரம் சரியாகும்வரை நீங்களும் அதைத் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். மூன்று தொட்டிகள் வேண்டும்: சோப்பு நீரில் கழுவ ஒன்று, நல்ல நீரில் அலச ஒன்று, கிருமி நீக்க ஒன்று. மூன்றாவதில் 77 டிகிரி வெந்நீரில் குறைந்தது 30 விநாடி மூழ்க வேண்டும். அந்தச் சூட்டில் கை வைக்க முடியாது, பிடியுள்ள கம்பிக்கூடை வேண்டும். அல்லது குளோரின் கரைசல். 5 சதவீதக் குளோரின் உள்ள, வாசனை சேர்க்காத வெளுப்பு நீரில் 10 மில்லிலிட்டரை 10 லிட்டர் தண்ணீரில் கலந்தால் பத்து லட்சத்தில் 50 பங்கு குளோரின் கிடைக்கும். தட்டுகள் அதில் ஒரு நிமிடம் மூழ்கட்டும். பலம் சரியா என்று சோதனைத்தாளால் பாருங்கள். எச்சில் கலந்தால் குளோரின் செத்துவிடும், அதனால் நீர் மங்கியதும் மாற்றுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை, இதை உங்கள் தொழிலாளருக்கு அவர் மொழியிலேயே புரியவையுங்கள். சுண்ணாம்புக் கறை எடுக்கும் அமிலத்தையும் வெளுப்பு நீரையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், அந்தச் சிறிய பின்கட்டில் மூச்சுவிட முடியாமல் போய்விடும். சூட்டால் கிருமி நீக்க வடிவமைத்த இயந்திரத்துக்குள் வெளுப்பு நீரை ஊற்றும் யோசனையையும் விட்டுவிடுங்கள், உள்ளே இருக்கும் எவர்சில்வரை அது அரித்துத் தின்னும்.

சுகாதார அதிகாரியின் நோட்டீஸ்

சகோதரி, உண்மையில் முதலில் கவனிக்க வேண்டியது இதுதான். இயந்திரக் கவலையில் இதை ஓரமாக வைத்துவிட்டீர்கள். நோட்டீஸில் வெப்பநிலையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. துணி, விரிசல் மங்கு, ஊசி என்ற மூன்றுதான் இருக்கின்றன. அந்த மூன்றும் நியாயமானவை.

தோளில் போட்டிருக்கும் வெள்ளை 'குட் மார்னிங்' துண்டால் மேசையைத் துடைத்து, கையைத் துடைத்து, அதே துண்டால் தட்டையும் துடைப்பதை நம் கடைகளில் யாரும் குற்றமாக நினைப்பதில்லை. ஆனால் 82 டிகிரியில் சுத்தமாக வெளியே வந்த தட்டில் அந்தத் துண்டு ஒரு முறை பட்டால், அதுவரை செலவழித்த மின்சாரமெல்லாம் வீண். மெலமைன் தட்டுகள் பீங்கானைப் போலச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை, அதனால் சீக்கிரம் காயா. கை தானாகத் துணியைத் தேடும். நிமிர்த்தி அடுக்கும் கம்பித் தட்டில் வைத்துக் காற்றில் காயவிடுங்கள். இயந்திரத்தில் அலசல் மருந்தைச் சரியான அளவில் விட்டால் நீர் முத்து முத்தாக நிற்காமல் வழிந்து போகும். விரிசல் விட்ட மங்குகளை இன்றைக்கே குப்பையில் போடுங்கள். குழம்பின் மஞ்சள் ஏறிய விரிசலுக்குள் எந்தச் சூடும் மருந்தும் ஒழுங்காகப் போய்ச் சேராது.

ஊசி விஷயத்தில், "அவர் தட்டு மட்டும்தானே கழுவுகிறார், சமைப்பதில்லையே" என்று எழுதியிருக்கிறீர்கள். விதிமுறைகளின்படி உணவைத் தொடுபவர் மட்டும் உணவு கையாள்பவர் அல்ல. உணவு படும் பரப்புகளையும் சாதனங்களையும் கையாள்பவரும் அதில் அடங்குவார். டைபாய்டுத் தடுப்பூசியும் உணவு கையாள்பவருக்கான பயிற்சியும் அவருக்கும் வேண்டும். ஊசிச் செலவை அவர் சம்பளத்தில் பிடிக்காதீர்கள், தயவுசெய்து. நாள் முழுக்க நீராவியில் நிற்பவர் அவர்.

இனி, மூடிவிடுவார்களா என்ற கேள்வி. உணவுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, பொதுமக்கள் உடல்நலத்துக்குக் கேடு தரும் அளவுக்குச் சுகாதாரமற்ற உணவகத்தை 14 நாட்களுக்கு மிகாமல் மூட உத்தரவிட அதிகாரம் தருகிறது. எலி எச்சம், கரப்பான், தேங்கிய சாக்கடை என்று நிலைமை மோசமான இடங்களில் அதைப் பயன்படுத்துகிறார்கள். உங்களுக்கு வந்தது மூடும் உத்தரவு அல்ல, திருத்திக்கொள்ளச் சொல்லும் நோட்டீஸ். ஆனால் நோட்டீஸை அலட்சியம் செய்வது வேறு கதை. 2009 விதிமுறைகளை மீறினால் 10,000 வெள்ளிவரை அபராதமோ இரண்டு ஆண்டுவரை சிறையோ விதிக்க இடமுண்டு. கெடுவுக்குள் மூன்றையும் செய்து, ஊசி அட்டையின் நகலோடு கடிதம் கொடுத்து, மறு ஆய்வுக்கு நீங்களே அழையுங்கள். ஒரு குறையைத் திருத்த நாள் போதாது என்றால், கெடு முடிவதற்கு முன்பே காரணத்தோடு எழுத்தில் அவகாசம் கேளுங்கள். எந்தப் பிரிவின்கீழ் எழுதியிருக்கிறார்கள் என்று அதிகாரியிடம் மரியாதையாகக் கேட்பதும் தவறில்லை. ஊராட்சி மன்றம் தந்த தரச் சான்றிதழ் சுவரில் தொங்குகிறதே என்று வாதாட வேண்டாம். அது வேறு அலுவலகம், வேறு சட்டம்.

'கவனிக்கச்' சொன்ன நண்பரின் பேச்சை இத்தோடு விடுங்கள். மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் 2009இன்படி, கொடுப்பவரும் குற்றவாளிதான். 20 ஆண்டுவரை சிறை, குறைந்தது கொடுத்த தொகையின் ஐந்து மடங்கு அல்லது 10,000 வெள்ளி, இதில் எது அதிகமோ அந்த அபராதம். ஒரு துண்டும் நான்கு மங்கும் ஓர் ஊசியும் போனால் தீர்ந்துபோகிற விஷயத்துக்கு, மாமனார் கட்டி வளர்த்த பெயரைப் பணயம் வைக்காதீர்கள்.

ஆலைக்கு என்ன எழுதுவது?

கெடு முடியும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே ஒரு கடிதம் அனுப்புங்கள். அளந்து பார்த்ததில் காலையில் இவ்வளவு, மதியம் ஐந்தாவது கூடையில் இவ்வளவு. காரணம் குளிர்நீர் இணைப்பு. இன்ன தேதிக்குள் முன்சூடேற்றி பொருத்துகிறோம். அதுவரை இரண்டு நிமிட இடைவெளியும் மூன்றாம் தொட்டியும் வைத்துக்கொண்டிருக்கிறோம். நோட்டுப் புத்தகத்தின் பக்கங்களைப் படமெடுத்து இணையுங்கள். தட்டின் மேற்பரப்பில் 71 டிகிரி என்ற அளவை அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்களா என்றும் கேளுங்கள். ஏற்றுக்கொண்டால் அதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அடுத்த ஆண்டு வேறு தணிக்கையாளர் வேறு வெப்பமானியோடு வருவார்.

முன்சூடேற்றி பொருத்தி, சுருளும் முனைகளும் சரியாக இருந்தும் ஐந்தாவது கூடையில் 71 கிடைக்காவிட்டால், அப்போது புதிய இயந்திரத்தைப் பற்றிப் பேசுவோம். அதற்கு முன் அந்த உலோகத் தகட்டைத் தெளிவாகப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பூஸ்டர் எத்தனை கிலோவாட், ஒரு கூடைக்கு எத்தனை லிட்டர் என்பது தெரிந்தால், உங்கள் மதியக் கூட்டத்துக்கு அது போதுமா என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்.